மாசாவா, சல்சாவா, மோலேயா: மெக்சிகோ சமையலை எந்த வாசல் வழியாகத் தொடங்குவது?

ஹூஸ்டனில் குடியேறிய புதிதில், மெக்சிகன் சமையல் எனக்குக் கைவந்துவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். மஞ்சள் சீஸை உருக்கி ஊற்றிய நாச்சோஸ், சீரகப் பொடி தூக்கலாக விழுந்த ராஜ்மா, மைதா ரொட்டியில் சுருட்டிய சோறு. கீழ்வீட்டில் மெக்சிகோவின் புவேப்லா ஊர்க்கார அம்மாள் ஒருவர் இருந்தார். ஒருநாள் அவருக்கு ஒரு தட்டு கொடுத்தனுப்பினேன். தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், ருசியாக இருந்தது, டெக்சாஸ் சாப்பாட்டை நன்றாகச் செய்கிறாய் என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. ஊர்ப்பெயரைத் திருத்தினார், அவ்வளவுதான்.

அவர் சொன்னது நியாயம். மஞ்சள் சீஸ், சீரகம், சில்லி கான் கார்னே எல்லாம் எல்லைக்கு இந்தப் பக்கத்து டெக்ஸ்-மெக்ஸ். அது மட்டமான சமையல் அல்ல, வேறு சமையல். மெக்சிகோக்காரர்கள் தங்கள் வீட்டில் சாப்பிடுவதை நம் வீட்டில் செய்ய வேண்டுமென்றால் வேறு இடத்தில் தொடங்க வேண்டும். அதற்கு மூன்று வாசல்கள் உண்டு. மாசா என்னும் மக்காச்சோள மாவைப் பிசைந்து டோர்ட்டியா என்ற வட்ட ரொட்டி தட்டுவது ஒன்று. மிளகாயும் தக்காளியும் சுட்டு அரைக்கும் சல்சா இன்னொன்று. இருபது சாமான்களுக்கு மேல் போகும் மோலே என்ற கெட்டிக் குழம்பு மூன்றாவது. மூன்றிலும் நுழைந்து பார்த்தவன் நான், அதுவும் தலைகீழ் வரிசையில். எதை முதலில் எடுப்பது என்று யோசிப்பவர்களுக்கு என் தவறுகள் பயன்படட்டும்.

பணச்செலவு, நேரம், ருசி என்று பல கோல்களால் அளக்கலாம். நான் அளக்கும் கோல் ஒன்றுதான்: தோற்றால் எவ்வளவு நஷ்டம்? சல்சா கெட்டால் நான்கு தக்காளியும் கால் மணி நேரமும் போகும். டோர்ட்டியா கெட்டால் இரண்டு கப் மாவும் ஒரு மாலையும் போகும். மோலே கெட்டால் இரண்டு நாள், ஒரு பை நிறைய மிளகாய், வீட்டாரின் பொறுமை எல்லாம் போகும். புதிதாகக் கற்பவன் பத்து முறையாவது தோற்றாக வேண்டும் என்பதால், மலிவாகத் தோற்கக்கூடிய இடமே நல்ல பள்ளிக்கூடம்.

நான் மோலேயில் தொடங்கினேன். பெயர்தான் காரணம். புவேப்லா மோலே, தென் மெக்சிகோவின் வஹாக்கா ஊர்க் கறுப்பு மோலே என்று கேட்கக் கேட்க ஆசை. சாம்பார்ப் பொடி வறுத்துப் பழகிய கைக்கு இது என்ன பெரிய காரியம் என்ற மிதப்பும் சேர்ந்துகொண்டது. பாசியா என்னும் கறுத்த நீள வற்றலைக் கல்லில் போட்டு, நம் ஊர் மிளகாய் வற்றலை வறுப்பதுபோல் நிறம் மாறும்வரை புரட்டினேன். அது ஏற்கெனவே கறுப்பு; நிறம் மாறுவதை எங்கே பார்ப்பது? வீடு முழுக்க இருமல். எள், வேர்க்கடலை, பாதாம், திராட்சை, நேந்திரம் போன்ற வாழைப்பழம், சாக்லேட் என்று ஒவ்வொன்றாக வறுத்து அரைத்துச் சேர்த்து, மறுநாள் மாலை வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்துக் கசப்பு. எது கருகியது, எந்த நேரத்தில் கருகியது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. இருபத்துநான்கு சாமான்களில் குற்றவாளி எது என்று யார் சொல்வது?

பிறகுதான் விளங்கியது. பாசியா, ஆஞ்சோ, குவாஹியோ போன்ற பெரிய வற்றல்களுக்குச் சூடான கல்லில் ஒரு பக்கத்துக்குச் சில விநாடிகளே போதும். தோல் லேசாக உப்பி, உலர்திராட்சையும் புகையிலையும் கலந்தாற்போன்ற மணம் வந்தவுடன் எடுத்துவிட வேண்டும். ஆனால் அதே வஹாக்கா கறுப்பு மோலேயில் மிளகாய் விதைகளை வேண்டுமென்றே கரியாகும்வரை எரிப்பார்கள். டோர்ட்டியாவையும் கருக்கிச் சேர்ப்பார்கள். கருக்க வேண்டியது எது, கருகக் கூடாதது எது என்று பிரித்தறியாத கை மோலேயைத் தொடக் கூடாது. அந்தப் பிரித்தறிவைச் சொல்லிக்கொடுப்பது சல்சா.

கல்லும் குழவியும்

சல்சா என்றால் பாட்டிலில் வரும் தக்காளிக் குழம்பு அல்ல. கோமால் என்று அவர்கள் சொல்லும் தட்டைக் கல்லில், எண்ணெய் இல்லாமல், நான்கு நீளத் தக்காளி, இரண்டு செர்ரானோ பச்சை மிளகாய், தோலுரிக்காத இரண்டு பூண்டுப் பற்கள் ஆகியவற்றைப் போட வேண்டும். இரும்புத் தோசைக்கல் இருந்தால் கோமால் வாங்க வேண்டாம். பூண்டு முதலில் வெந்துவிடும், எடுத்துவிடலாம். மிளகாயில் அங்கங்கே கரும்புள்ளி விழுந்து உடல் தளர வேண்டும். தக்காளியின் தோல் கருகி வெடித்து, சாறு கல்லில் சொட்டிச் சீறும்வரை விட வேண்டும். மூன்றுக்கும் மூன்று நேரம். பிறகு கல்லுரலில் முதலில் பூண்டும் உப்பும், அடுத்து மிளகாய், கடைசியில் தக்காளி. இந்த வரிசை மாறினால் தக்காளிச் சாற்றில் பூண்டு வழுக்கிக்கொண்டு ஓடும், அரைபடாது. நம் வீட்டில் துவையல் அரைத்த யாருக்கும் இது புதிதல்ல.

தாளிப்பதற்குக் கை போகும். போக விடாதீர்கள். கடுகு இல்லை, பெருங்காயம் இல்லை, மல்லிப்பொடி இல்லை. எனக்கு இதுதான் மிகவும் கடினமாக இருந்தது. சுட்டதன் கரிவாசனையே அதன் தாளிப்பு.

கல்லுரலா மிக்சியா என்ற கேள்வி எழும். அவர்களுடைய கல்லுரலுக்கு மோல்காஹெத்தே என்று பெயர். எரிமலைப் பாறையில் செதுக்கி மூன்று கால் வைத்தது. அதன் அக்கா மெத்தாத்தே நம் அம்மிக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம், நடு சற்றுச் சரிந்திருக்கும், குழவியும் உண்டு. புது மோல்காஹெத்தேயைப் பழக்குவதும் நம் வழிதான். பச்சரிசியைப் போட்டு அரைத்துக் கொட்ட வேண்டும். சாம்பல் நிற மாவு வெள்ளையாக வரும்வரை திரும்பத் திரும்ப அரைத்துவிட்டு, கடைசியில் பூண்டும் கல்லுப்பும் அரைத்துக் கழுவ வேண்டும். சிமெண்டில் வார்த்ததையும் கடைகளில் கல் என்று விற்கிறார்கள். எத்தனை முறை அரைத்தாலும் சாம்பல் நிறம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அதைத் தொட்டிச் செடிக்கு அடியில் வைத்துவிடலாம்.

ருசியில் கல்லுரல் ஒரு படி மேல், சந்தேகமில்லை. மிக்சி நறுக்குகிறது, கல் நசுக்குகிறது. ஆனால் தொடங்குகிறவருக்கு மிக்சியே போதும் என்பேன், விட்டுவிட்டு இரண்டு மூன்று தட்டு தட்டி நிறுத்தினால். மெக்சிகோ நகரத்து வீடுகளிலும் அன்றாடம் ஓடுவது மிக்சிதான். முதல் மாதத்தில் காசைக் கல்லுக்குப் போடுவதைவிட மிளகாய்க்குப் போடுவது மேல்.

மிளகாயில் ஒரு சிக்கல் உண்டு. பச்சையாக இருக்கும்போது ஒரு பெயர், காய்ந்தபின் வேறு பெயர். போப்லானோ காய்ந்தால் ஆஞ்சோ. ஹலபேன்யோ பழுத்துப் புகையில் காய்ந்தால் சிபோட்லே. சிலாக்கா காய்ந்தால் பாசியா. மிராசோல் காய்ந்தால் குவாஹியோ. இந்த நான்கு இணைகளை மனத்தில் போட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. இவற்றில் பெரும்பாலானவை காரத்துக்காக அல்ல, சதைக்காகவும் மணத்துக்காகவும் சேர்ப்பவை. காரம் வேண்டுமென்றால் ஆர்போல் என்ற ஒல்லி வற்றல் தனியாக உண்டு. தமிழ்நாட்டிலிருந்து செய்து பார்ப்பவர்கள் குவாஹியோவுக்குப் பதில் காஷ்மீரி மிளகாய் போடலாம். நிறம் வரும், அந்தப் பழப் புளிப்புச் சாயல் வராது.

பச்சை சல்சாவுக்கு வேண்டியது தொமாதியோ. காகிதம்போல் ஓர் உறைக்குள் பச்சைக் காய். வரப்போரத்தில் சிறு பிள்ளைகள் நெற்றியில் அடித்து உடைக்கும் சொடக்குத் தக்காளிக்கு நெருங்கிய சொந்தம், அளவில் பெரியது. புளிப்பு அதன் குணம். பச்சைத் தக்காளியும் எலுமிச்சையும் கலந்து ஒப்பேற்றலாம் என்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை.

வற்றல் சல்சாவுக்கு வந்தால் இன்னொரு பாடம் காத்திருக்கிறது. குவாஹியோவைக் கீறி விதை நீக்கி, லேசாகச் சுட்டு, வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து அரைத்து, தோல் திப்பியை வடிகட்டிவிட்டு, அந்த விழுதைச் சூடான கொழுப்பில் சட்டென்று ஊற்ற வேண்டும். சர்ரென்று சத்தம் வர வேண்டும். மசாலா முதலில், குழம்பு பிறகு என்பது நம் முறை; அரைத்த குழம்பையே பொரிப்பது அவர்கள் முறை. ஐந்து நிமிடத்தில் செங்கல் நிறம் அடர் சிவப்பாக மாறி, பச்சை வாசனை போய்விடும். டோர்ட்டியாவைச் சல்சாவில் தோய்த்துச் சுருட்டும் என்சிலாடாவுக்கும் பன்றி இறைச்சிக் குழம்புக்கும் மோலேக்கும் அடிப்படை இந்த ஒரு காரியம்தான்.

மாவுக்கு மூன்று வழி

டோர்ட்டியாதான் அந்தச் சமையலின் சோறு. அதை முதலில் கற்றால் என்ன என்று கேட்கலாம். கேட்பது சரிதான், ஆனால் மாவு எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து இந்த வாசல் எளிதாகவும் இருக்கும், மலையாகவும் இருக்கும்.

சோளத்தை அப்படியே அரைத்தால் டோர்ட்டியா மாவு வராது. காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவைத்து, தோல் கழன்றபின் கழுவி ஈரமாக அரைப்பது மாசா. இப்படிப் பக்குவம் செய்த சோளத்துக்கு நிக்ஸ்தமால் என்று பெயர். மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாவில் சாம்பலைக் குறிக்கும் சொல் அதற்குள் இருக்கிறது. சுண்ணாம்பு தோலைக் கரைப்பதோடு மாவுக்கு ஒட்டும் தன்மையும் தருகிறது. சோளத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற பி3 வைட்டமினை விடுவிக்கிறது. சோளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு சுண்ணாம்பை விட்டுவிட்ட வட இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பின்னர் அமெரிக்கத் தென் மாநிலங்களிலும் சோளமே கதியென்று வாழ்ந்த ஏழைகள் நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோயில் விழுந்தார்கள். பஞ்சாபி ரொட்டிக்கு விற்கும் மக்காச்சோள மாவில் டோர்ட்டியா தட்டினால் உடைந்து உதிர்வதற்கும் காரணம் அதே சுண்ணாம்பு இல்லாமைதான். கார்ன்ஃப்ளவர் என்ற வெள்ளை ஸ்டார்ச் இதில் கணக்கிலேயே சேராது.

சுண்ணாம்பு என்றதும் வெற்றிலைப் பெட்டி நினைவு வரும். சாரத்தில் இரண்டும் ஒன்றே, நீற்றிய சுண்ணாம்புதான். ஆனால் வெற்றிலைக்கு விற்பதில் நிறமும் வாசனையும் கலந்திருக்கக்கூடும். உணவுக்கானது என்று அச்சிட்ட பொடியை வாங்குவதே நல்லது. ஒரு கிலோ சோளத்துக்குப் பத்து கிராம், மூன்று லிட்டர் தண்ணீர். அலுமினியப் பாத்திரம் கூடாது, எவர்சில்வர் வையுங்கள். இனிப்புச் சோளமும் பாப்கார்ன் சோளமும் இதற்கு உதவாது.

முக்கால் மணி நேரம் மெல்லக் கொதித்ததும் ஒரு மணியை எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்தால் தோல் வழுக்கிக் கழல வேண்டும். கடித்தால் நடு சற்று விறைப்பாக இருக்க வேண்டும். மறுநாள் கழுவி அரைக்கும்போதுதான் என் கதை சிரிப்பாய்ச் சிரித்தது. இட்லி மாவு அரைக்கும் கிரைண்டர் இருக்கிறதே, கல்லில் அரைத்தாற்போல் ஆயிற்று என்று அதில் போட்டேன். தண்ணீர் குறைவாக விட்டால் மாவு குழவியில் ஏறிக் கட்டிக்கொண்டு கல் நின்றுவிடுகிறது. கல் ஓடுமளவு விட்டால் தோசை மாவாகிவிடுகிறது. அரை மணி நேரம் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு அரைத்து, கடைசியில் கடை மாவு இரண்டு கை போட்டு இறுக்கித்தான் தட்ட முடிந்தது. கையால் சுற்றும் இரும்பு அரைவை இயந்திரம் இருந்தால் மாவு கொரகொரப்பாக வரும். மாவை மடலில் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் தமாலேக்கு அது நன்றாகவே பொருந்தும், டோர்ட்டியாவுக்குச் சுமார். இத்தனைக்கும் பிறகு, அந்த டோர்ட்டியாவின் மணம் வேறு எந்த வழியிலும் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மழை பெய்த மண்ணும் புதுச் சோளமும் கலந்தது போன்ற மணம்.

இரண்டாவது வழி உலர்ந்த மாசா மாவு. நிக்ஸ்தமாலை அரைத்துக் காயவைத்துப் பொடியாக்கியது. இதைப் பெரிய அளவில் பரப்பிய குரூமா நிறுவனம் 1949-இல் நூவோ லியோன் மாநிலத்தின் செர்ரால்வோ ஊரில் தொடங்கியது. அதன் மாசேக்கா பைகள் இன்று எங்கும் கிடைக்கின்றன. இரண்டு கப் மாவுக்கு ஒன்றரைக் கப்பிலிருந்து ஒன்றேமுக்கால் கப்வரை வெதுவெதுப்பான தண்ணீர். பிசைந்து மூடி இருபது நிமிடம் விட வேண்டும். பதம் கொழுக்கட்டை மாவு. சிறு உருண்டையை அமுக்கினால் ஓரம் வெடித்தால் தண்ணீர் போதாது. உள்ளங்கையில் ஒட்டினால் அதிகம். சப்பாத்திக் கட்டையைக் கொண்டுவராதீர்கள், இதில் இழுபடும் பசை கிடையாது. இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவில் வைத்து அச்சில் அமுக்க வேண்டும், அச்சு இல்லையென்றால் கனமான தட்டு. நல்ல சூட்டில் முதல் பக்கம் பதினைந்து இருபது விநாடி, மறுபக்கம் ஒரு நிமிடம்போல, மீண்டும் திருப்பி விரலால் லேசாகத் தொட்டால் பூரிபோல உப்பும். உப்பியது எல்லாம் சரியாக வந்ததற்கு அடையாளம். எனக்கு நான்காவது நாள்தான் ஒன்று உப்பியது. சுட்டவுடன் சாப்பிடாமல் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் தன் ஆவியிலேயே மிருதுவாகும்.

மூன்றாவது, மெக்சிகன் கடையில் ஈர மாசாவை எடைக்கு வாங்குவது. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. வாங்கும்போது ஒரு கவனம்: ‘பிரெபராதா’ என்று எழுதியிருந்தால் தமாலேக்காகப் பன்றிக்கொழுப்பும் உப்பும் கலந்தது, டோர்ட்டியாவுக்கு ஆகாது. நான் ஒருமுறை இரண்டு பவுண்டு வாங்கிவந்து, கல்லில் ஒட்டிக்கொண்டு வர மறுத்ததைச் சுரண்டி எடுத்தேன்.

என் தேர்வு: முதல் மூன்று மாதம் உலர்ந்த மாவு. கை பழகியபின் ஈர மாசா கிடைத்தால் அது. நிக்ஸ்தமாலை ஆசைக்கு ஒருமுறை செய்யுங்கள், அரைக்க வழி அமைந்தால் தொடருங்கள். உறைந்த கடை டோர்ட்டியாவை வாங்கி சல்சாவோடு சாப்பிடுவதில் எந்தத் தோஷமும் இல்லை.

அவரைக்குப் பெரிய ஒப்பீடு தேவையில்லை. கறுப்பு அவரையோ பின்டோவோ, வெங்காயம், உப்பு, கிடைத்தால் எபாசோத்தே என்ற காட்டுத்தழை, பிரஷர் குக்கர். சீரகம் வேண்டாம்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் கொஞ்சம் விழிப்போடு இருக்க வேண்டும். கடை அவரையில் பன்றிக்கொழுப்பும் சிவப்புச் சோற்றில் கோழி வடிநீரும் சொல்லாமல் ஒளிந்திருக்கும். வீட்டில் செய்யும்போது எண்ணெயும் காய்கறி வடிநீரும் போதும். அதைவிட நல்ல வழி, சைவமாகவே பிறந்த பண்டங்களைத் தேடுவது. பருப்புக்கீரை அங்கே வெர்தோலாகாஸ், பச்சை சல்சாவில் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். பூசணிப்பூவை டோர்ட்டியாவுக்குள் சீஸோடு மடித்துச் சுடுவார்கள். போப்லானோவைச் சுட்டுத் தோலுரித்துக் கீற்றாக்கிப் பாலாடையில் போடுவது என் வீட்டில் இப்போது வாரம் ஒருமுறை.

எங்கே கற்பது என்றால், வஹாக்காவுக்குப் போய்ச் சந்தையில் தொடங்கி அடுப்பில் முடியும் ஒருநாள் வகுப்பில் சேரலாம். ஞாயிற்றுக்கிழமை த்லாகோலூலா சந்தையைப் பார்ப்பதற்காகவே போகலாம். ஆனால் ஏழு வகை மோலேக்குப் பேர்போன அந்த ஊரில் ஒரு நாளில் கை பழகாது, கண்தான் பழகும். வீடியோ பார்ப்பதானால் ஸ்பானிஷ் மொழியில் வீட்டுப் பெண்கள் சமைப்பதைப் பாருங்கள், மொழி புரியாவிட்டாலும். மிளகாய் கல்லில் எத்தனை நொடி இருக்கிறது என்று எண்ண மொழி வேண்டாம். புத்தகம் வாங்கினால் நாடு முழுவதையும் அள்ளித்தருவதைவிட ஒரு மாநிலத்தைப் பற்றியது மேல். வடக்கே கோதுமை ரொட்டியும் மாட்டிறைச்சியும், யூகத்தானில் அச்சியோத்தே என்ற சிவப்பு விதையும் ஹபனேரோ மிளகாயும் புளிப்பு நாரத்தையும், வேராக்ரூஸில் ஆலிவும் கேப்பரும். யுனெஸ்கோ 2010-இல் மெக்சிகோவின் மரபுச் சமையலைப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தபோதுகூட மிச்சோவாகான் என்ற ஒரு மாநிலத்தையே முன்மாதிரியாக வைத்தது.

மோலேயைக் கடைசியில் வையுங்கள். வைத்தபிறகும் எல்லாவற்றையும் நீங்களே வறுக்க வேண்டியதில்லை. மெக்சிகோ நகரத்தின் தெற்கு ஓரத்தில் சான் பெத்ரோ அதோக்பான் என்று ஓர் ஊர். ஊரே மோலே விழுது அரைத்து விற்கிறது, அக்டோபரில் மோலேக்குத் திருவிழா. மெக்சிகோ வீடுகளிலும் பலர் விழுதைச் சந்தையில் கிலோக் கணக்கில் வாங்குகிறார்கள். கீழ்வீட்டு அம்மாளின் அலமாரியில் அப்படியொரு டப்பாவைப் பார்த்தபோதுதான் என் இரண்டு நாள் கசப்பை அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, கல்யாணத்துக்கு மட்டும்தான் முதலிலிருந்து அரைப்போம் என்றார்.

விழுது வாங்கினால் ஒரு பங்குக்கு மூன்று நான்கு பங்கு வடிநீர். முதலில் கொழுப்பில் விழுதை வதக்கி, வடிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரைத்து, அடிபிடிக்காமல் அரை மணி நேரம் கிண்ட வேண்டும். சுட்ட தக்காளி ஒன்றையும் கனேலா ஒரு துண்டையும் அரைத்துச் சேர்த்தால் டப்பா வாசனை போய்விடும். அந்தக் கனேலா இலங்கைக் கறுவாதான். மெக்சிகோ அதன் முக்கிய வாடிக்கை நாடு. விரலால் நொறுங்கும் மெல்லிய சுருள் அது, நம் கடைகளில் கிடைக்கும் தடித்த பட்டை அல்ல. ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மினுங்கும்போது அடுப்பை அணைத்துவிடலாம்.